வனத்தை இழந்த மலர்

தாமிரபரணி தன் நெடும் யாத்திரையை முடித்துக்கொண்டு மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னக்காயலில், உப்புக் காற்றையும் சுடுமணலையும் ஒருங்கே பொறுத்துக்கொண்டு, வார்ப்பாரும் வளர்ப்பாரும் இன்றித் தானாகவே தழைத்து நிற்கும் செடிகளுள் ஊமத்தையும் ஒன்று. குப்பைமேட்டிலும், இடிந்த சுவர் ஓரத்திலும், ஆற்றுக் கரையின் வண்டல் மேட்டிலும் முளைத்து, நீண்ட குழல் போன்ற பூவை வானை நோக்கி நிமிர்த்தி, முள் செறிந்த காயை வெடித்து, அடுத்த மழைக்குள் தன் சந்ததியைத் தானே விதைத்துவிட்டுப் போகும் அந்தச் செடிக்கு மனிதனுடைய தயவு சிறிதும் வேண்டியதில்லை. அதே குடும்பத்தில் பிறந்து, அதே சாயலையும் அதே நஞ்சையும் பெற்று, ஆனால் பூவைப் பூமியை நோக்கித் தொங்கவிட்டு நிற்கும் புரூக்மான்சியா என்னும் மர ஊமத்தைக்கோ மனிதனை விட்டால் வேறு கதியில்லை. கொடைக்கானலுக்கோ உதகமண்டலத்துக்கோ சென்றவர்கள், பங்களாக்களின் வேலியோரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புதரில், ஒரு சாணுக்கும் நீளமான வெண்மையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான பூக்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாய்த் தொங்குவதைக் கண்டு சற்றே நின்றிருப்பார்கள். அவ்வளவு செழிப்பாகப் பூத்து நிற்கும் அந்தச் செடி, தான் பிறந்த காட்டில் இன்று இல்லை என்பது அவர்களுள் பலருக்குத் தெரிந்திராது.

தாவர சாஸ்திரிகள் இக்குலத்தில் 7 இனங்களை அங்கீகரிக்கிறார்கள். ஏழும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை ஆண்டிஸ் மலைத்தொடரைச் சார்ந்தவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வேழினையும் வனத்தில் அற்றுப்போனவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது. தோட்டங்களிலும், வேலிகளிலும், மருத்துவர்களின் கொல்லைகளிலும் அவை வாழ்கின்றன. தாமாகக் காய்த்து விதை பரப்பித் தலைமுறை தலைமுறையாய் நீடிக்கும் காட்டுச் செடிகளாக எங்கும் காணப்படவில்லை. ஊமத்தங்காயைப் போல இதன் காய் வெடிப்பதில்லை. முள் இல்லாத, தோல் தடித்த அக்காயைத் தின்று விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்ட ஏதோ ஒரு பெரிய மிருகம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போயிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் அனுமானிக்கிறார்கள். அதன்பின் இச்செடியை இன்றுவரை காத்து வந்தது மனிதனுடைய கைதான்.

முதன்முதலில் இவற்றைச் சேகரித்து வளர்த்தவர்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அல்லர். கொலம்பியா நாட்டின் தென்பகுதியில், மலைகளுக்கு இடையே அமைந்த சிபுந்தோய் என்னும் பள்ளத்தாக்கில் வாழும் பூர்வகுடி வைத்தியர்கள், இலை சுருண்டது, பூ பிளந்தது, தண்டு முறுக்கியது என்று இயற்கையில் தோன்றும் ஒவ்வொரு விகாரத்தையும் தனித்தனியே கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, ஒவ்வொன்றையும் போத்து நட்டுப் பரம்பரையாகக் காத்து வந்தார்கள். அவர்களுடைய கொல்லைகளில் ஒன்றிலிருந்து கிடைத்த விசித்திரமான செடியைப் பார்த்த அமெரிக்கத் தாவரவியலறிஞர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷல்டிஸ், அது புதியதொரு குலம் என்றே கருதி 1955-இல் வேறு பெயர் சூட்டினார். அதுவும் புரூக்மான்சியாவின் ஒரு விகாரமே என்பது பின்னால் தெளிவாயிற்று. ஒரு பேரறிஞரும் மயங்கும் அளவுக்கு ஒரு பேதத்தைப் பிரித்தெடுத்துப் பேணிய அந்த வைத்தியர்களே இச்செடியின் முதல் பரிபாலகர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மேல்நாட்டு நூல்களில் இதன் சரித்திரம் சுருக்கமானது. லின்னேயஸ் 1753-இல் இதை ஊமத்தையோடு சேர்த்து எழுதினார். பெர்சூன் 1805-இல் தனிக் குலமாகப் பிரித்து, லெய்டன் நகரப் பேராசிரியர் புரூக்மன்ஸ் என்பவரின் பெயரை இட்டார். பிறகும் நெடுங்காலம் சிலர் பிரித்தும் சிலர் சேர்த்தும் எழுதி வந்தனர். ஊமத்தை மென்தண்டுச் செடி, ஆயுள் குறைந்தது. புரூக்மான்சியா மரத்தண்டு உடையது, பல்லாண்டு வாழ்வது. அதன் பூ நிமிரும், இதன் பூ தொங்கும் அல்லது சாய்ந்து நிற்கும். தோட்டத்தில் நின்று பார்ப்பவருக்கு இவ்வளவு பேதமே போதும்.

புன்னக்காயலில் இருந்துகொண்டு அமெரிக்கக் கண்டத்துச் செடியைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றது என்று யாரும் எண்ண வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்து தங்கிய துறை இது. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைத்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் நெடுங்காலம் ஊழியம் செய்ததும், அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586-இல் அச்சேறியதாகச் சொல்லப்படுவதும் இவ்வூரில்தான். அந்தக் காலத்தில் அதே போர்ச்சுகீசியர்களின் வழியாகவே மிளகாயும் புகையிலையும் இந்தியாவுக்கு வந்தன; இரண்டும் புரூக்மான்சியாவுக்கும் ஊமத்தைக்கும் நெருங்கிய உறவுச் செடிகள். 1563-இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா என்னும் போர்ச்சுகீசிய மருத்துவர், ஊமத்தையை உணவில் கலந்து மனிதரை மயக்கிக் களவு செய்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். எனவே இக்குடும்பத்தின் நன்மையும் தீமையும் நம் கடற்கரைக்குப் புதியவை அல்ல. அதில் ஓர் உறுப்பினர் மட்டும் கடற்கரையில் தங்காமல் மலையேறிவிட்டது.

ஏன் மலையேறியது என்பதை அறிந்தால்தான் அதைக் கீழே இறக்கி வளர்க்க முடியும். 7 இனங்களும் ஒரே சுபாவம் உடையவை அல்ல. செந்நிறக் குழல் பூ உடைய சாங்கினியாவும், சிறிய வெண்பூ உடைய ஆர்போரியாவும், வல்கனிக்கோலாவும் ஆண்டிஸின் உயர்ந்த, குளிர்ந்த சரிவுகளுக்கு உரியவை. இரவில் குளிர்ச்சி இல்லாத இடத்தில் இவை இலைவிட்டுக் காலம் கழிக்குமே ஒழிய, மனம் நிறையப் பூக்க மாட்டா. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இவற்றை விரும்பலாம். சமவெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட்டுச் செடியை வதைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மற்ற நான்கில் சுவாவியோலன்ஸ் என்பது பிரேசிலின் தென்கிழக்குக் கடற்கரைப் பிரதேசத்தில் ஆற்றோரங்களிலும் காட்டோரங்களிலும் வாழ்ந்தது. வெர்சிகலர் என்பது ஈக்குவடோர் நாட்டின் குவாயகில் தாழ்நிலத்துக்கு உரியது. உஷ்ணத்தையும் ஈரத்தையும் அறிந்த இவ்விரண்டும், இவற்றின் கலப்பினங்களுமே நம் ஆற்றுமுகத்துக்கு ஏற்றவை. சுவாவியோலன்ஸின் பூ ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம் வரும். வெர்சிகலரின் பூ 50 சென்டிமீட்டர் வரைகூட நீண்டு, வெண்மையாக விரிந்து, இரண்டொரு நாளில் இளஞ்சிவப்பாகவோ மாம்பழ நிறமாகவோ மாறும். ஒரே கிளையில் நேற்று மலர்ந்ததும் இன்று மலர்ந்ததும் இரு வேறு வர்ணங்களில் தொங்கும் அந்தக் காட்சிக்காகவே இதைத் தேடி அலைபவர்கள் உண்டு.

விதையிலிருந்தும் வளர்க்கலாம்; ஆனால் பெரும்பாலான இனங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூலில் பலிப்பதில்லை. ஒரே தாய்ச் செடியின் போத்துகள் ஊரெங்கும் பரவியிருந்தால், அவை எத்தனை இருந்தாலும் சாஸ்திரப்படி ஒரே செடிதான், காய் பிடிக்காது. ஆகவே முருங்கையையும் பூவரசையும் நடுவது போலவே இதையும் போத்தாக நடுவதே வழக்கம். கட்டைவிரல் கனமுள்ள, பட்டை சற்று முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் முனை கீழாகவே இருக்கும்படி கவனித்து, ஈரமான ஆற்று மணலிலோ, நிழலில் வைத்த நீர்க் குவளையிலோ நிறுத்தினால், சில வாரங்களில் வேர் இறங்கும். நீரில் வேர் விட்டதை உடனே மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரிலே முதிர்ந்த வேர் மண்ணில் எளிதில் பழகாது.

இங்கே அனுபவசாலிகள் மட்டுமே அறிந்த விஷயம் ஒன்று உண்டு. விதையிலிருந்தோ அடித்தண்டுப் போத்திலிருந்தோ வரும் புரூக்மான்சியா முதலில் ஒற்றைத் தண்டாக உயர்ந்துகொண்டே போகும். ஆள் உயரம் வந்தும் பூக்காததைக் கண்டு பலர் செடி மலடு என்று வெட்டிவிடுகிறார்கள். அத்தண்டு என்றைக்கு இரண்டாகப் பிரிந்து கவை விடுகிறதோ, அன்றைக்குத்தான் அதற்குப் பூக்கும் பருவம் பிறக்கிறது. கவைக்குக் கீழே உள்ள இலைகளின் அடிப்பாகம் காம்பின் இருபுறமும் ஒப்பாக இருக்கும். கவைக்கு மேலே உள்ள இலைகளில் ஒரு பக்கம் சற்று ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். கவைக்கு மேலிருந்து எடுத்த போத்து தான் பூத்த பருவத்தை மறப்பதில்லை. குட்டையாக இருக்கும்போதே பூக்கும். கீழிருந்து எடுத்த போத்து மீண்டும் உயர்ந்து கவை விட்ட பிறகே பூக்கும்; ஆனால் வலிமையான மரமாய் நிற்கும். தொட்டியில் வளர்ப்பவர் மேல் போத்தையும், தரையில் மரமாக்க விரும்புபவர் கீழ்ப் போத்தையும் தேர்வது நலம். கத்தரிக்கும்போதும் இதே விதிதான்: கவைகளுக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம்; முதல் கவைக்குக் கீழே வெட்டினால் செடி மறுபடியும் பாலப் பருவத்துக்குத் திரும்பிவிடும்.

இனி, புன்னக்காயலின் நிலைமை. இங்கே இச்செடிக்கு மூன்று சத்துருக்கள்: உப்பு, மேல்காற்று, வெயில். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்த்துவிட்டது. அதை வார்த்தால் இலையின் ஓரம் முதலில் பழுப்பாகிப் பிறகு கருகி உள்நோக்கிப் பரவும். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள், தாம் வார்க்கும் நீரை நாவில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வதும், அது தீர்ந்தபின் குடிப்பதற்கு வரும் நல்ல தண்ணீரில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதும், மண்ணில் படிந்த உப்பு கரைந்து அடித் துவாரத்தால் வெளியேறும்படி இடையிடையே தாராளமாக நல்ல நீர் விடுவதும் தவிர, இதற்கு வேறு உபாயம் இல்லை. கச்சான் என்று கடலோடிகள் சொல்லும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் புழுதியை வாரிக்கொண்டு வீசும்போது, அகன்று மெல்லிய இவ்விலைகள் கிழிந்து கந்தலாகும். ஆகவே வீட்டின் கீழ்ப்புறச் சுவரை ஒட்டி, காலை வெயில் பட்டு, பத்து மணிக்கு மேல் பூவரச மரமும் உச்சிக்குப் பின் சுவரும் நிழல் தரும் இடத்தில் வைக்க வேண்டும். மலையில் முழு வெயிலில் நிற்கும் செடியே இங்கே அரை நிழலைக் கேட்கிறது.

தொட்டி பெரிதாக இருக்கட்டும். பழைய சிமெண்டுத் தொட்டியோ, அடியில் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பாதியோ உத்தமம். கடல் மணல் ஆகாது. செம்மண்ணும் ஆற்று மணலும் நன்கு மக்கிய தொழு உரமும் சமமாகக் கலந்து, சிறிது தென்னை நார்க் கழிவும் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக்கொண்டால் ஈரமும் நிற்கும், நீரும் வடியும். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் நீர் கேட்கும் செடி இது. ஆயினும் நண்பகலில் இலைகள் சோர்ந்து தொங்குவதைக் கண்ட மாத்திரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் மிகுதியானதால் வரும் சோர்வு அது. மண்ணில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பொறுத்திருந்தால், பொழுது சாயும்போது தானே நிமிர்ந்துவிடும். ஈரத்தின் மேல் ஈரமாக வார்த்து வேரை அழுகவிட்டே நம்மவர்கள் பெரும்பாலான செடிகளை இழக்கிறார்கள்.

உரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளியவைத்த நீரை வாரந்தோறும் வார்த்தால் கிளைகள் தடிக்கும். மொட்டு கட்டும் சமயத்தில் சாம்பல் சத்து உள்ள உரமும் வேண்டும். பூப்பது தொடர்ச்சியாக அல்ல. ஒரே வேளையில் செடி முழுவதும் பூத்துத் தீர்ந்து, சில வாரம் ஓய்ந்து, மறுபடியும் பூக்கும். ஓய்வுக் காலத்தில் செடி கெட்டுவிட்டதோ என்று கலங்கி இடம் மாற்றுவதும் வெட்டுவதும் அடுத்த பூப்பையும் கெடுத்துவிடும்.

வறண்ட காற்றில் செஞ்சிலந்தி இலையின் அடியில் குடியேறி, மேற்புறத்தில் மங்கலான புள்ளிகளை உண்டாக்கும். விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீச்சிக் கழுவுவதே முதல் மருந்து. வெள்ளை ஈக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும். இவற்றினும் கொடியது தேமல் நோய். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தோன்றி, இலை நெளிந்து, பூ சிறுத்தால், அது பெரும்பாலும் வைரஸ். அதற்குப் பரிகாரம் இல்லை. ஒரு செடியை வெட்டிய கத்தியின் சாறே மற்றொன்றுக்கு நோயைக் கொண்டுபோகும். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிர்த்திருந்து இக்குடும்பச் செடிகளைத் தாக்கும் ஆற்றல் பெற்றது. ஆகையால் பீடி பிடித்த கையோடும் புகையிலை கசக்கிய விரலோடும் இச்செடியைத் தொடலாகாது. பல வகைகளைச் சேர்த்து வைத்திருப்பவர், புதிதாக வந்த போத்தைச் சில மாதமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தியைக் கழுவிச் சுத்தி செய்ய வேண்டும்.

இத்தனை சிரமத்துக்கும் பிரதிபலன் அந்திப் பொழுதில் கிடைக்கிறது. பகலெல்லாம் வாசனையற்று இருந்த பூ, விளக்கு வைக்கும் நேரத்தில் எலுமிச்சையும் மல்லிகையும் கலந்தாற்போன்ற பரிமளத்தை வெளிவிடத் தொடங்கும். கொண்டல் மெல்ல வீசும் இரவுகளில் அது தெருக்கோடிவரை போகும். இந்த மணம் நமக்காக உண்டானதல்ல. நீண்ட உறிஞ்சுகுழல் உடைய பெரிய இராப் பூச்சிகளை அழைப்பதற்காக. ஊமத்தையை நாடி வரும் பருந்துப் பூச்சிகள் இதையும் நாடி வரக்கூடும். செந்நிற சாங்கினியாவுக்கு மட்டும் மணம் கிடையாது. அதன் தாயகத்தில் உடலுக்கு ஈடான நீண்ட அலகுடைய ஒரு ரீங்காரச்சிட்டு அதற்குத் தூதனாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அழகைச் சொல்லிவிட்டு அபாயத்தைச் சொல்லாமல் விடுவது துரோகம். வேர் முதல் விதை வரை இச்செடியில் நஞ்சில்லாத பாகம் இல்லை. ஸ்கோபொலமின், ஹையோசையமின், அட்ரோபின் என்னும் இந்த நஞ்சுகள் ஊமத்தையில் இருப்பவையே. உட்கொண்டவருக்கு நாவும் தொண்டையும் வறண்டு, தோல் சிவந்து சூடாகி, கண்மணி விரிந்து, இருதயம் படபடத்து, இல்லாத மனிதரோடு பேசும் சித்தப்பிரமை உண்டாகும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்தால் கைவைத்தியத்தில் ஒரு நிமிஷத்தையும் வீணாக்காமல், 108-ஐ அழைத்து, தின்ற பாகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளை வெட்டிய கையால் கண்ணைக் கசக்கினால்கூட அந்தக் கண்ணின் மணி மட்டும் விரிந்து, வெளிச்சம் பொறுக்காமல், பார்வை மங்கிப் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஊமத்தை விதையை மிளகாய் விதையிலிருந்து வேறுபடுத்தி அறிவது எப்படி என்று நம் நாட்டு வைத்திய மாணவர்கள் இன்றும் தனியே படிக்கிறார்கள் என்றால், இக்குடும்பம் நம் சமையலறைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது புரியும். அதே ஸ்கோபொலமின், தகுந்த அளவில் காதின் பின்னே ஒட்டும் சிறு பட்டியாகக் கடற்பயணிகளின் தலைச்சுற்றலைத் தடுக்கிறது. ஊமத்தைச் சாற்றைக் கொண்டு காய்ச்சும் மத்தன் தைலம் சித்த வைத்தியத்தில் புண்களுக்கு வெளிப்பூச்சாகிறது. அளவை அறிந்தவர்களின் காரியம் அது; வீட்டில் வளர்ப்பவர் இதை மருந்தென்று நாவில் வைக்க எந்த நியாயமும் இல்லை. சிறு குழந்தைகளும் ஆடுகளும் நடமாடும் முற்றத்தில் இதை வைக்காதிருப்பதும், வெட்டிய பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கழித்த கிளைகளை ஆற்றங்கரையில் எறியாதிருப்பதும் வளர்ப்பவரின் கடமை. ஈரம் உள்ள இடத்தில் எறிந்த கிளை தானே வேர் பிடித்துவிடும். சில வெளிநாடுகளில் இப்படியே ஓடைக்கரைகளை அடைத்து இது களையாகியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணியின் முகத்தில் இருக்கும் எங்கள் ஊர் நாலு பக்கமும் வெள்ளத்தால் சூழப்பட்டது. அத்தகைய நாளில் தேங்கிய நீரில் வேர் மூழ்கி நிற்கும் புரூக்மான்சியா பிழைப்பது அரிது. ஒருவர் எவ்வளவு அக்கறையோடு பத்து வகையைச் சேர்த்து வைத்திருந்தாலும், அவை ஒரே முற்றத்தில் இருக்கும்வரை ஓர் இரவு மழைக்கு உட்பட்டவையே. ஆதலால் ஒவ்வொரு வகையிலும் ஒரு போத்தாவது மேட்டுநிலத்தில் இருக்கும் வேறொருவரிடம் வளர வேண்டும். முடிந்தால் செங்கோட்டையிலோ கொடைக்கானலிலோ ஒன்று, இங்கே ஒன்று. மார்கழியில், வெயில் தணிந்திருக்கையில், கத்தரித்த கிளைகளை ஈரச் சாக்கில் சுற்றி, வாழை நாரால் கட்டி அனுப்பினால் பஸ்ஸில் ஒரு நாள் தாங்கும். கட்டில் ஒரு தகட்டைச் சேர்த்துக் கட்டி, இனம் அல்லது கலப்பு இன்னது, பூ மலரும்போது இருந்த நிறம், வாடும்போது வந்த நிறம், போத்து கவைக்கு மேலா கீழா, யாரிடமிருந்து எந்த ஆண்டில் வந்தது என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். நஞ்சைப் பற்றி மட்டும் தகட்டில் எழுதினால் போதாது. வாங்குகிறவரின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, வாய்விட்டுச் சொல்லிய பிறகே கொடுக்க வேண்டும்.